சீட்டு இருக்கிறது, சரக்கு எங்கே?

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: கம்பெனி பில்டுக்குள் (கோடிலிருந்து செயலியைக் கட்டும் வேலைக்குள்) வந்து சேரும் வெளி லைப்ரரிகள்

கோவை வாசகர்: 12 பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. கணக்கு மென்பொருள் செய்கிறோம். சர்வர் பக்கம் ஜாவா, முகப்புக்கு ரியாக்ட். எங்கள் கோடும் பேக்கேஜ்-லாக் கோப்பும் கிட்டில் பத்திரமாக இருக்கின்றன. கிட் சர்வருக்குத் தினமும் இரவில் பேக்கப் ஓடுகிறது. அப்படியிருக்க, டிபென்டென்சிகளுக்கு, அதாவது எங்கள் கோடு சார்ந்திருக்கும் வெளி லைப்ரரிகளுக்கு, தனி பேக்கப் எதற்கு?

லாக் கோப்பு மளிகைச் சீட்டு மாதிரி. எந்தக் கடை, என்ன பொருள், எந்த ரகம் என்று அதில் துல்லியமாக எழுதியிருக்கும். கடை பூட்டிக் கிடந்தால் சீட்டை வைத்துச் சோறு வடிக்க முடியாது.

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ‘ரிசால்வ்டு’ என்று ஒரு முகவரியும், ‘இன்டெக்ரிட்டி’ என்று ஒரு ஹாஷும் இருக்கும். பொருள் எங்கே கிடைக்கும் என்பது முகவரி. வந்தது அதே பொருள்தானா என்று பார்ப்பது ஹாஷ். பொருளே அங்கே இல்லாமல் போனால் இரண்டாலும் பயனில்லை.

போகுமா என்றால், போயிருக்கிறது. 2016 மார்ச் 22 அன்று, ஒரு பேக்கேஜின் பெயரை யார் வைத்துக்கொள்வது என்ற தகராறில், ஒரு நிரலாளர் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கடையான என்பிஎம்மிலிருந்து தன் பேக்கேஜ்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றான ‘லெஃப்ட்-பேட்’ வெறும் 11 வரி. ஆனால் பலரும் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான பேபல் அதைச் சார்ந்திருந்தது. பேபலைச் சார்ந்த பில்டுகள் உலகெங்கும் உடைந்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் என்பிஎம் நிர்வாகமே அதைத் திரும்ப ஏற்றியது. பிறகு விதியையும் இறுக்கினார்கள்: வெளியிட்டு 72 மணி நேரம் கடந்துவிட்டால் ஒரு பேக்கேஜைத் திரும்பப் பெறுவது கடினம். ஆனால் கடையே மூடினால் இந்த விதி என்ன செய்யும்? ஆண்ட்ராய்டு உலகம் பல ஆண்டு நம்பியிருந்த லைப்ரரிக் கடையான ஜேசென்டரை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில், அதை நடத்திய ஜேஃப்ராக் அறிவித்தது. முதலில் படிக்க மட்டும் என்றாக்கினார்கள். 2024 ஆகஸ்டில் அந்த முகவரியை ஜாவா லைப்ரரிகளின் பொதுக் கடையான மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஜேசென்டரில் மட்டும் இருந்த பழைய லைப்ரரிகளுக்குக் கதி இல்லை.

உங்கள் நிலை என்ன என்று அறிய ஒரு சோதனை. புத்தம் புதிய மெஷின் ஒன்றை எடுங்கள். இரண்டு ஆண்டு பழைய ரிலீஸ் டேக் (வெளியிட்ட பதிப்பைக் கிட்டில் குறிக்கும் பெயர்) ஒன்றை அதில் இறக்குங்கள். அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே போகும் இணைப்பைத் துண்டியுங்கள். இப்போது பில்ட் கொடுங்கள். ஓடினால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது.

மதுரை வாசகர்: அப்படியானால் என்பிஎம் பேக்கேஜ்கள் இறங்கும் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரையே கிட்டில் போட்டுவிட்டால் என்ன?

போடாதீர்கள். அதற்குள் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமல்ல. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மேக்குக்கும் தனித்தனியாகக் கம்பைல் ஆன பைனரிகளும் இருக்கும். ஒருவர் மேக்கிலிருந்து கமிட் செய்தால் பில்ட் சர்வரில் உடையும். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை கிட்ஹப் ஏற்காது. ஒரு சின்ன அப்டேட்டுக்கு ஆயிரக்கணக்கான கோப்புகள் மாறி, கோட் ரிவ்யூ செய்பவர் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ போடுவார். அதுதான் மிகப் பெரிய ஆபத்து.

கோ மொழிக்கும் ரஸ்டுக்கும் கதை வேறு. ‘கோ மாட் வெண்டர்’, ‘கார்கோ வெண்டர்’ கட்டளைகள் இரண்டும் லைப்ரரிகளை மூலக்கோடாகவே ‘வெண்டர்’ ஃபோல்டரில் இறக்குபவை, அளவும் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். கோ 1.14 முதல், வெண்டர் ஃபோல்டர் இருந்தால் பில்ட் தானாகவே அதைப் பயன்படுத்தும். அங்கே கிட்டில் வைப்பது நல்ல வழக்கம்.

சென்னை வாசகர்: நெக்ஸஸ் வைக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எதில் தவறுவோம் என்று விளக்க முடியுமா?

நெக்ஸஸ் என்பது பேக்கேஜ்களை உங்கள் இடத்திலேயே வைத்துப் பரிமாறும் சர்வர். அதில் மூன்று வகை ரெப்போசிட்டரி, அதாவது கிடங்கு, உண்டு. ஹோஸ்டட்: உங்கள் சொந்தப் பேக்கேஜ்கள் ஏறும் இடம். ப்ராக்ஸி: வெளி ரெஜிஸ்ட்ரியிலிருந்து கேட்டதை வாங்கி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும் இடம். குரூப்: இவற்றை ஒரே முகவரியில் காட்டும் வாசல். டெவலப்பர்களுக்கும் பில்ட் சர்வருக்கும் குரூப்பின் முகவரியை மட்டும் கொடுங்கள்.

4 கோர், 8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் தொடங்கலாம். டிஸ்க்கைப் பிரித்து வையுங்கள்: டாக்கர் இமேஜ்களுக்கு (செயலியையும் அது ஓட வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலங்கள்) ஒரு ப்ளாப் ஸ்டோர், அதாவது கோப்புகள் உண்மையில் கிடக்கும் இடம், மற்றவற்றுக்கு வேறொன்று. டாக்கர் வீங்கி டிஸ்க்கை நிரப்பும்போது மேவனும் சேர்ந்து நிற்கக் கூடாது. பிறகு என்பிஎம், மேவன், பைபிஐ (பைத்தான் கடை) என்று ஒவ்வொன்றுக்கும் ஹோஸ்டட், ப்ராக்ஸி, குரூப் அமையுங்கள். இவற்றோடு எந்தக் கோப்பையும் அப்படியே வைக்கும் ‘ரா’ வகையில் ஒரு ஹோஸ்டட் ரெப்போ கட்டாயம் வேண்டும். ஜேடிகே, நோட், கிரேடில் ஜிப் போன்றவை அதில் போகும். மேவனின் செட்டிங்ஸ் கோப்பில் ‘மிரர்-ஆஃப்’ என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால், ப்ராஜெக்டின் விவரம் உள்ள போம் கோப்பில் யார் எந்த வெளி முகவரியை எழுதியிருந்தாலும் கோரிக்கை நெக்ஸஸுக்கே வரும்.

இனி, தவறும் இடங்கள்.

ப்ராக்ஸி என்பது கேட்டதை மட்டும் வைத்திருக்கும். முழுக் கடையும் அதில் இல்லை. டெவலப்பரின் மெஷினில் பழைய கேஷ் (முன்பு இறக்கியதன் பிரதி) இருந்தால் கோரிக்கை நெக்ஸஸுக்கு வராமலே பில்ட் ஓடிவிடும். நெக்ஸஸில் பிரதியும் விழாது. ஆகவே நெக்ஸஸ் அமைத்த அன்று, எல்லாப் ப்ராஜெக்டையும் காலியான கேஷோடு ஒருமுறை பில்ட் செய்யுங்கள். நீங்கள் இன்னும் ஆதரவு தரும் பழைய ரிலீஸ் டேக்குகளையும் அப்படியே.

அடுத்தது கிளீனப் பாலிசி. ‘கடைசியாக இறக்கி 180 நாள் ஆனதை அழி’ என்று யாராவது நல்லெண்ணத்தில் போட்டுவைப்பார்கள். மூன்று ஆண்டுக்கு முன் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பதிப்பின் ஜார்களை (ஜாவா லைப்ரரிக் கோப்புகளை) யாரும் இப்போது இறக்குவதில்லை. எது அரிதோ அதுவே முதலில் போகும். ஸ்னாப்ஷாட்டுக்கும் (வெளியீட்டுக்கு முந்தைய தற்காலிகப் பதிப்பு) தினசரி டாக்கர் இமேஜுக்கும் மட்டும் இந்தப் பாலிசியை வையுங்கள். தப்பித் தவறி அழிந்திருந்தால் உடனே கவனியுங்கள்: நெக்ஸஸ் முதலில் ‘அழிந்தது’ என்று குறிக்க மட்டும் செய்கிறது, ‘காம்பாக்ட் ப்ளாப் ஸ்டோர்’ பணி ஓடிய பிறகுதான் கோப்பு உண்மையில் போகும். அந்தப் பணியை நிறுத்திவிட்டால் மீட்க வாய்ப்புண்டு.

சிறிதுதான், ஆனால் ஒரு நாளைத் தின்னும் சிக்கல் இன்னொன்று: இல்லாத ஒன்றைக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலையும் ப்ராக்ஸி நினைவில் வைக்கும். இயல்பான அமைப்பில் 1440 நிமிடம், அதாவது முழு நாள். காலையில் வெளியாகாத பதிப்பை ஒருவர் கேட்டுவிட்டார், மதியம் அது வெளியாகிவிட்டது, உங்களுக்கு மட்டும் இன்னும் 404. ரெப்போவின் கேஷைச் செல்லாததாக்கும் பொத்தானை அழுத்தினால் தீரும்.

நெக்ஸஸுக்கும் பேக்கப் வேண்டும், அதில் வரிசை முக்கியம். முதலில் டேட்டாபேஸ், பிறகு ப்ளாப் ஸ்டோர். இந்த வரிசையில் எடுத்தால் டேட்டாபேஸ் சொல்லும் ஒவ்வொரு கோப்பும் பிரதியில் இருக்கும். மாற்றி எடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் வந்த பேக்கேஜ் டேட்டாபேஸில் இருக்கும், கோப்பில் இருக்காது. பேக்கப் ஓடும்போது காம்பாக்ட் பணி ஓடக் கூடாது. டேட்டாபேஸ் மட்டும் போய்விட்டால், ப்ளாப்களிலிருந்து அதைச் சரிக்கட்டும் ரிப்பேர் பணி நெக்ஸஸிலேயே இருக்கிறது. ப்ளாப் போய்விட்டால் பரிகாரம் கிடையாது. இருக்கும் காசில் ஒன்றைத்தான் நன்றாகக் காக்க முடியும் என்றால் ப்ளாப் ஸ்டோரைக் காப்பாற்றுங்கள்.

நெக்ஸஸ் சர்வரின் பெயரையும் யோசித்து வையுங்கள். லாக் கோப்பில் என்பிஎம்மின் பொது முகவரி இருந்தால், நீங்கள் அமைத்த ரெஜிஸ்ட்ரிக்கு என்பிஎம் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் லாக் கோப்பில் உங்கள் நெக்ஸஸின் பெயரே பதிந்திருந்து, பிறகு சர்வர் பெயர் மாறினால், தானாக மாறாது. ‘ரீப்ளேஸ்-ரெஜிஸ்ட்ரி-ஹோஸ்ட்’ அமைப்பை ‘ஆல்வேஸ்’ ஆக்க வேண்டும். மெஷின் பெயரைக் கொடுக்காமல், டிஎன்எஸ்ஸில் நிலையான ஒரு பெயரை முதல் நாளே வைத்துவிடுவது நல்லது.

பெங்களூரு வாசகர்: எல்லாம் நெக்ஸஸ் வழியாகத்தான். இணைப்பைத் துண்டித்துச் சோதித்தோம், பில்ட் பாதியில் நின்றது. எங்கே ஓட்டை?

ஓட்டை ஒன்றாக இருக்காது. பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாமல் இணையத்துக்கு ஓடும் சின்னச் சின்ன வேலைகள் பில்டில் நிறைய இருக்கும்.

முதல் சந்தேகம், கிரேடில் என்ற பில்ட் கருவியை இறக்கித் தரும் கிரேடில் ரேப்பர் மீது. உங்கள் லைப்ரரிகள் நெக்ஸஸிலிருந்து வரும், ஆனால் கிரேடிலே கிரேடிலின் சொந்தத் தளத்திலிருந்து இறங்கும். ரேப்பரின் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் முகவரியை உங்கள் ‘ரா’ ரெப்போவுக்கு மாற்றி, ஷா-256 ஹாஷ் வரியையும் சேருங்கள். கிரேடில் ப்ளகின்கள் தனி போர்ட்டலிலிருந்து வருபவை; அதற்கும் ஒரு ப்ராக்ஸி வைத்து, செட்டிங்ஸ் கோப்பின் ‘ப்ளகின் மேனேஜ்மென்ட்’ பகுதியில் குறிப்பிட வேண்டும்.

நோட் பக்கம் பார்த்தால் எலக்ட்ரான், சைப்ரஸ், பப்பெட்டியர் மூன்றும் பெயருக்குத்தான் என்பிஎம் பேக்கேஜ். நிறுவிய பிறகு ஓடும் ஸ்கிரிப்ட், பெரிய பைனரியை வேறு இடத்திலிருந்து இறக்கும். இதற்கு மாற்று முகவரி கொடுக்கவோ, இறக்காமல் தவிர்க்கவோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழல் மாறி உண்டு. நோட்-ஜிப் என்ற கருவி கம்பைல் செய்யும்போது நோட்டின் ஹெடர் கோப்புகளைத் தேடிப் போகும். அதையும் முன்பே இறக்கி வைக்க வேண்டும்.

மேவனில், வேண்டியதை முன்பே இறக்கி வைக்கும் ‘கோ-ஆஃப்லைன்’ கட்டளையை நம்பி ஏமாறுபவர் பலர். ஷ்யூர்ஃபயர் ப்ளகின், டெஸ்ட் ஓடும் நேரத்தில்தான் ஜேயூனிட்டுக்கான தன் துணை ஜாரைத் தேடும். கோ-ஆஃப்லைனுக்கு அது தெரியாது. காலியான லோக்கல் ரெப்போவைக் காட்டி ‘மேவன் வெரிஃபை’ முழுதாக ஒருமுறை ஓட்டுவதுதான் வழி. அப்படி நிரம்பிய ஃபோல்டரை வேறு மெஷினுக்குக் கொண்டுபோனாலும் சில நேரம் ‘கிடைக்கவில்லை’ என்று அடம்பிடிக்கும். ஜார் கண்ணெதிரே இருக்கும்! ஒவ்வொரு ஃபோல்டரிலும் உள்ள ‘_ரிமோட்.ரெப்போசிட்டரீஸ்’ என்ற சிறு கோப்பு, அந்த ஜார் எந்த ஐடி கொண்ட ரெப்போவிலிருந்து வந்தது என்று பதிந்திருக்கும். புது மெஷினில் அந்த ஐடி இல்லாவிட்டால் மேவன் ஜாரை ஏற்காது. ஐடியை ஒன்றாக வையுங்கள்; இல்லாவிட்டால் அந்தச் சிறு கோப்புகளை அழித்துவிடுங்கள்.

டாக்கர் கோப்பில், லினக்ஸ் பேக்கேஜ்களை இறக்கும் ‘ஆப்ட்-கெட்’, ‘யம்’ வரிகளைப் பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30 அன்று ஆதரவு முடிந்தது. அதன் மிரர் பட்டியல் முகவரியும் அதோடு நின்றுபோக, யாரும் ஒரு வரிகூட மாற்றாத டாக்கர் கோப்புகள் உடைந்தன. பழைய பேக்கேஜ்கள் ‘வால்ட்’ முகவரிக்குப் போய்விட்டன. அடிப்படை இமேஜை மாதம் ஒருமுறை தனியாகக் கட்டி, உங்கள் ரெஜிஸ்ட்ரியில் வைத்து, செயலி பில்டில் அதை மட்டும் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி ஒரே இடத்தில் அடங்கும்.

கிட்ஹப்பிலிருந்து நேரடியாக டார் கோப்பை (சுருக்கிய மூட்டையை) இறக்கி ஹாஷ் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறதா? டேக்குக்கு கிட்ஹப் தானாகத் தயாரித்துத் தரும் டார், சேமித்து வைத்த கோப்பு அல்ல. கேட்கும்போது சுருக்கித் தருவது. 2023 ஜனவரி 30 அன்று கிட்டின் சுருக்கும் முறை மாறியதால், உள்ளடக்கம் அதேயானாலும் ஹாஷ் மாறி, பல பில்டுகள் நின்றன. கிட்ஹப் அன்றே பழைய முறைக்குத் திரும்பியது. அந்த டாரை ஒருமுறை இறக்கி உங்கள் ‘ரா’ ரெப்போவில் ஏற்றிவிடுங்கள்.

ஒவ்வொன்றாகத் துப்பறிய வேண்டாம். பில்ட் மெஷினிலிருந்து நெக்ஸஸ் தவிர எல்லா வெளி இணைப்பையும் ஃபயர்வாலில் மறுத்து, மறுத்ததைப் பதிவு செய்யுங்கள். நாலு பில்ட் ஓடினால் முழுப் பட்டியலும் அந்தப் பதிவிலேயே கிடைத்துவிடும்.

திருச்சி வாசகர்: டாக்கர் இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதினால் தவறா?

தவறு. வெறும் பதிப்பு எண்ணாக ‘20’ என்று எழுதினாலும் அரைத் தவறு. டேக்கை, வெளியிடுபவர் எப்போது வேண்டுமானாலும் வேறு இமேஜுக்கு நகர்த்தலாம். இமேஜின் உள்ளடக்கத்தையே குறிக்கும் ஷா-256 டைஜஸ்டை எழுதுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: வாடிக்கையாளரின் சர்வரில் இணையமே கிடையாது. பைத்தான் செயலியை நிறுவ வேண்டும். ‘பிப் டவுன்லோட்’ செய்து கொண்டுபோனோம், அங்கே போனதும் செட்டப்டூல்ஸ் இல்லை என்று நின்றது. ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் அப்படி ஒன்றே இல்லையே?

உங்கள் பட்டியலில் ஏதோ ஒரு பேக்கேஜுக்கு வீல் (நிறுவத் தயாரான பொட்டலம்) கிடைக்காமல் மூலக்கோடு இறங்கியிருக்கிறது. அதை நிறுவும்போது பிப் ஒரு தனி அறையைக் கட்டி, பில்டுக்கு வேண்டிய செட்டப்டூல்ஸை இணையத்திலிருந்து எடுக்கப் பார்க்கும். ‘பிப் டவுன்லோட்’ அந்தப் பில்ட் கருவிகளைச் சேர்த்து வைப்பதில்லை.

கம்பைல் வேலையை உங்கள் இடத்திலேயே முடித்துவிடுங்கள். ‘பிப் வீல்’ கட்டளையால் எல்லாவற்றையும் வீலாக்கி ஒரு ஃபோல்டரில் சேர்த்து, அங்கே ‘நோ-இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட்-லிங்க்ஸ்’ கொடிகளோடு நிறுவுங்கள். வீல் செய்யும் கன்டெய்னர், வாடிக்கையாளரின் சர்வரோடு பைத்தான் பதிப்பிலும் ஜிலிப்சியிலும் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) ஒத்துப்போக வேண்டும். உபுண்டு 22.04-ல் ஜிலிப்சி 2.35, ரெட்ஹேட் 8-ல் 2.28. புதியதில் கம்பைல் செய்தது பழையதில் ஓடாது போகலாம், பழையதில் செய்தது புதியதில் பெரும்பாலும் ஓடும். ஹாஷ்களோடு ரிக்வயர்மென்ட்ஸ் எழுத பிப்-கம்பைலில் வசதி உண்டு. ஆனால் நீங்களே செய்த வீலின் ஹாஷ் பைபிஐயில் உள்ளதோடு பொருந்தாது. அதற்கு உங்கள் ஃபோல்டரிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும்.

சென்னை, இன்னொரு வாசகர்: எங்கள் உள் பேக்கேஜின் பெயரிலேயே வெளியில் ஒன்றை யாரோ ஏற்றினால், பில்ட் எதை எடுக்கும்?

பல அமைப்புகளில், பதிப்பு எண் பெரிதாக இருப்பதை. அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் இதை வெளிப்படுத்தினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே அவர் சோதனைக் கோடு ஓடியது. 2022 டிசம்பர் கடைசியில் ஏஐ லைப்ரரியான பைடார்ச்சின் நைட்லி (தினசரி) பதிப்புக்கும் இதே அடி: ‘டார்ச்ட்ரைட்டன்’ என்ற பெயரில் பைபிஐயில் யாரோ ஏற்றிய கெட்ட பேக்கேஜ் இறங்கியது.

பிப்பில், கூடுதல் கடையைச் சேர்க்கும் ‘எக்ஸ்ட்ரா-இண்டெக்ஸ்’ கொடியை விட்டுவிடுங்கள். அதில் முன்னுரிமை என்று ஒன்றும் கிடையாது. இரண்டு கடையையும் ஒன்றாகப் பாவித்துப் பெரிய எண்ணை எடுக்கும். ஒரே இண்டெக்ஸ், அது நெக்ஸஸ் குரூப். ஆனால் குரூப் போட்டால் மட்டும் போதாது, குரூப்பும் இரண்டையும் கலந்துதான் காட்டும். ப்ராக்ஸி ரெப்போவில் ஒரு ரூட்டிங் விதி எழுதி, உங்கள் உள் பெயர்கள் வெளியே கேட்கப்படாமலே தடுக்க வேண்டும். என்பிஎம்மில் நிறுவனத்தின் பெயரில் ஸ்கோப் (பேக்கேஜ் பெயருக்கு முன்னொட்டு) ஒன்றைப் பதிவு செய்து, உள் பேக்கேஜ்களை அதற்குள் வைத்தால் விதி எழுதுவது ஒரு வரியில் முடியும். டாட்நெட் பேக்கேஜ் கருவியான நியூகெட்டில் 6.0 முதல் எந்தப் பெயர் எந்தக் கடையிலிருந்து வர வேண்டும் என்று வரைபடம் எழுதும் வசதி வந்துவிட்டது.

சிங்கப்பூர் வாசகர்: எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் எப்படி வரும்?

உறைய வைப்பது பில்டுக்கு; அப்டேட்டுக்கு அல்ல. அப்டேட் ஒரு மனிதர் பார்த்து மெர்ஜ் செய்யும் தனி மாற்றமாக வர வேண்டும், பில்ட் நடுவே தானாக அல்ல.

எவ்வளவு வேகமாக எடுப்பது என்பதில் இரண்டு பக்கமும் அடி விழும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதத்துக்குள்ளேயே நாலு பதிப்பு வந்தது. அன்று தாமதித்தவர்கள் மாட்டினார்கள். 2025 செப்டம்பர் 8 அன்று சாக் (chalk), டீபக் (debug) உள்ளிட்ட பிரபல என்பிஎம் பேக்கேஜ்களின் பராமரிப்பாளர் கணக்கு ஃபிஷிங்கில் பறிபோய், திருட்டுக் கோடு கொண்ட பதிப்புகள் சில மணி நேரம் இருந்தன. அன்று அவசரப்பட்டவர்கள் மாட்டினார்கள். ஆகவே சாதாரண அப்டேட்டுக்கு ஒரு காத்திருப்பு வையுங்கள்; என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் கருவியில் 10.16 முதல் ‘மினிமம் ரிலீஸ் ஏஜ்’ என்ற அமைப்பு உண்டு. கணக்கு நிமிடத்தில்: ஏழு நாளுக்கு 10080. அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் கையால் விலக்குக் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் நெக்ஸஸின் நல்ல குணமே வினையாகும். என்பிஎம் கெட்ட பதிப்பை நீக்கிவிட்டது என்று செய்தி வரும். உங்கள் ப்ராக்ஸி அதைப் பத்திரமாக வைத்து, கேட்பவருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருக்கும். அந்தப் பதிப்பை ப்ராக்ஸியிலிருந்து கையால் அழித்து, ரூட்டிங் விதியில் தடுத்து, பில்ட் மெஷின்களின் கேஷையும் காலி செய்ய வேண்டும்.

கோவை வாசகர் மீண்டும்: ஒவ்வொரு ரிலீஸுக்கும் எதை எடுத்து வைப்பது, எத்தனை ஆண்டு?

காலியான கேஷோடு ரிலீஸ் பில்டை ஓட்டுங்கள். முடிந்ததும் கேஷில் இருப்பதுதான் அந்த ரிலீஸின் சரக்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேவனுக்கு லோக்கல் ரெப்போ ஃபோல்டர். என்பிஎம்முக்குத் தனி கேஷ் ஃபோல்டரைக் காட்டி ‘என்பிஎம் சிஐ’ (லாக் கோப்பின்படி நிறுவும் கட்டளை). பில்ட் இமேஜை ‘டாக்கர் சேவ்’ செய்து கிடைக்கும் டார் அடுத்தது. ஜேடிகே, நோட் நிறுவிகள், லாக் கோப்புகள், சைக்ளோன்டிஎக்ஸ் வடிவில் ஒரு எஸ்பாம் (மென்பொருளில் உள்ள பாகங்களின் பட்டியல்), ஒவ்வொரு லைப்ரரியின் லைசென்ஸ் பிரதி, எல்லாக் கோப்புக்கும் ஷா-256 பட்டியல். லைசென்ஸ் பிரதியை அலட்சியம் செய்யாதீர்கள்: 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் தன் மென்பொருள்களின் லைசென்ஸை மாற்றியதுபோல் மாற்றங்கள் வரும்போது, நீங்கள் எடுத்த பதிப்பு எந்த நிபந்தனையில் வந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

எத்தனை ஆண்டு என்பதை வாடிக்கையாளரோடு போட்ட ஆதரவு ஒப்பந்தம் தீர்மானிக்கும். ஜிபிஎல் 2 லைசென்ஸ் உள்ள ஒன்றைப் பைனரியாக விநியோகித்து, மூலக்கோடு பிறகு தருவதாக எழுத்தில் சொல்லியிருந்தால், அந்த வாக்கு குறைந்தது மூன்று ஆண்டு செல்ல வேண்டும். அதனால் மூலக்கோட்டையும் சேர்த்து வையுங்கள். உங்கள் கணக்கு மென்பொருளை வாங்குபவர்களில் பங்குத் தரகு நிறுவனங்கள் உண்டா? இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பு எஸ்பாமைக் கேட்கிறது. அவர்கள் உங்களிடம் கேட்பார்கள்.

இரண்டு பிரதி, இரண்டு இடம். ஒன்று குறிப்பிட்ட காலம்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டப்பட்ட ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில். ஆண்டுக்கு இருமுறை ஏதாவது ஒரு பழைய மூட்டையை எடுத்து, இணைப்பில்லாத மெஷினில் பிரித்துப் பில்ட் செய்யுங்கள். அந்த வேலையை மூட்டை கட்டியவரிடம் கொடுக்காமல் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுங்கள். வழிகாட்டிக் குறிப்பில் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும்.